சிறுகோள் மறைப்பு

சிறுகோள் மறைப்பு என்பது, ஒரு சிறுகோள் தொலைவிலுள்ள விண்மீனுக்கும் புவிக்கும் இடையே கடக்கும்போது அவ்விண்மீனின் ஒளி சில நொடிகள் தடைபடும் நிகழ்வு ஆகும். சிறிய தொலைநோக்கிகளில் சிறுகோள்கள் வெறும் ஒளிப்புள்ளிகளாகவே தோன்றும்; அவற்றின் பருமனையும் வடிவத்தையும் நேரடியாகக் காண இயலாது. எனினும் மறைப்பு நேரத்தை அளப்பதன் மூலம் வானியல் ஆர்வலர்களும் இவற்றைக் கண்டறியலாம்.

அளக்கும் முறை

விண்மீன் மிகத் தொலைவில் இருப்பதால், புவியின் மீது நகரும் நிழலின் அகலம் ஏறத்தாழ சிறுகோளின் அகலத்திற்குச் சமம். நொடிக்கு 15 கிமீ வேகத்தில் கடக்கும் நிழலில் விண்மீன் 4 நொடிகள் மறைந்தால், அவ்விடத்திற்கு நேரான சிறுகோளின் குறுக்களவு 60 கிமீ ஆகும். இக்கோடு வட்டத்தின் நாணைப் போன்றது. ஒரு நாணைக் கொண்டு வடிவத்தை அறிய முடியாது. நிழற்பாதையின் குறுக்கே பல இடங்களில் இருந்து பெறப்படும் நாண்களை வரிசைப்படுத்தினால் சிறுகோளின் வெளிக்கோடு கிடைக்கும்.

நோக்குவதற்குத் தேவையானவை

- தொலைநோக்கி: விண்மீன் தெரிந்தால் போதுமானது, சிறுகோள் தெரிய வேண்டியதில்லை.
- துல்லியமான நேரம்: மேற்கண்ட எடுத்துக்காட்டில் 0.1 நொடிப் பிழை 1.5 கிமீ பிழையாகும். எனவே ஜி.பி.எஸ். நேரம் பதிக்கப்பட்ட நிகழ்படம் விரும்பப்படுகிறது.
- நோக்கும் இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு, உயரம்.

முன்கணிக்கப்பட்ட நேரத்திற்குச் சில நிமிடங்கள் முன்பே பதிவைத் தொடங்க வேண்டும். விண்மீன் மறையாவிடினும் அப்பதிவு பயனுள்ளதே. சிறுகோளின் விளிம்பு அவ்விடம் வரை நீளவில்லை என்பதை அது உறுதிசெய்கிறது.

குறிப்பிடத்தக்க மறைப்புகள்

1983 மே 29 அன்று பலாசு என்னும் சிறுகோள், வெறும் கண்ணுக்குத் தெரியும் விண்மீன் ஒன்றை மறைத்தது. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலும் மெக்சிக்கோவிலும் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இது பதிவானது. நோக்கியோருள் பலர் ஆர்வலர்கள். இதன்மூலம் பலாசின் விட்டம் ஏறத்தாழ 520 கிமீ எனக் கணிக்கப்பட்டது.

2013 சூன் 3 அன்று தென் அமெரிக்காவில் நோக்கப்பட்ட மறைப்பில், சனிக்கு அப்பால் ஞாயிற்றைச் சுற்றும் சாரிக்லோவிற்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தது. முதன்மை மறைப்புக்கு முன்னும் பின்னும் விண்மீனின் ஒளி சிறிது நேரம் குறைந்ததே இதற்குச் சான்றாக அமைந்தது.

2023 திசம்பர் 12 அன்று லியோனா என்னும் சிறுகோள் திருவாதிரை விண்மீனின் முன்னே கடந்தது. இதன் பாதை தென் ஐரோப்பா, புளோரிடா, மெக்சிக்கோ ஆகிய பகுதிகள் வழியே சென்றது.