எங்கே கட்டுவது? ஸ்கிளெரோஸ்டினும் எலும்பின் இட ஒழுங்கும்

ஸ்கிளெரோஸ்டின் என்ற புரதத்தைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே வரியில் அறிமுகப்படுத்திவிடுகின்றன: எலும்பு உருவாவதைத் தடுப்பது. அந்த வரியில் பிழையில்லை. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால், எலும்புப்புரை நோயாளியின் உடலில் இப்புரதம் வேண்டாத ஒன்று, அகற்றிவிட்டால் நல்லது என்ற முடிவுக்கே வந்து சேருவோம். அந்த எண்ணம் ஒரு நல்ல மருந்தைத் தந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அம்மருந்தின் ஆற்றல் ஏன் ஓராண்டுக்குள் தணிந்துவிடுகிறது என்பதை அது விளக்குவதில்லை. எலும்பு எங்கே சேர வேண்டும், எங்கே சேரக் கூடாது என்று இடம் பிரித்துச் சொல்வதே ஸ்கிளெரோஸ்டினின் முதன்மைப் பணி. மொத்த எலும்பின் அளவு அதன் விளைவு. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

இப்புரதம் அறிவியலுக்குத் தெரியவந்ததே அது இல்லாத மனிதர்களால்தான். தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர் சமூகத்தில் ஸ்கிளெரோஸ்டியோசிஸ் என்ற அரிய மரபு நோய் உண்டு. நெதர்லாந்தில் அதற்கு நெருங்கிய, சற்றுத் தணிந்த வடிவத்தை 1955இல் வான் புக்கெம் விவரித்தார். ஒரு காலத்தில் தீவாக இருந்த உர்க் என்ற மீனவர் ஊரோடு அந்நோயாளிகளின் வம்சம் தொடர்புடையது. 2001இல் முதல் நோய்க்குக் காரணமான மரபணு 17ஆம் குரோமோசோமில் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு வான் புக்கெம் நோயின் காரணமும் தெரிந்தது. இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. அந்த நோயாளிகளிடம் மரபணு பழுதின்றி இருந்தது. அதைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் ஏறத்தாழ 52,000 கார இணைகள் கொண்ட ஒரு பகுதி இல்லாமல் போயிருந்தது. எலும்பில் இம்மரபணுவை இயக்கிவைக்கும் கட்டளைத் துண்டு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. புரதத்தின் செய்முறை முழுதாக இருந்தும், அதை எங்கே உண்டாக்குவது என்ற கட்டளை தொலைந்ததே நோய்க்குப் போதுமானதாக இருந்தது.

இந்நோயாளிகளின் எலும்பு எளிதில் முறிவதில்லை. அதனாலேயே மருந்தாய்வாளர்களின் கண் இவர்கள்மேல் விழுந்தது. ஆனால் அவர்கள் படும் துன்பத்தையும் கூடவே பார்க்க வேண்டும். தாடையும் மண்டையோடும் தடித்துக்கொண்டே போகின்றன, நரம்புகள் வெளிவரும் துளைகள் குறுகுகின்றன, முகவாதம் குழந்தைப் பருவத்திலேயே வரலாம், செவித்திறன் குறைகிறது, மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்தாகிறது. உடலின் எடையைத் தாங்கும் தொடையெலும்பு தடிப்பதில் ஏதாவது பயன் உண்டு. எடை தாங்காத மண்டையோடு இவ்வளவு தடிப்பதில் என்ன பயன்? ஸ்கிளெரோஸ்டின் இல்லாத உடலில் எலும்பு கூடுகிறது என்பதோடு, தேவையில்லாத இடத்திலும் கூடுகிறது என்பதே இந்நோய் காட்டும் பாடம்.

எலும்பின் உள்ளே நடப்பதும் இதையே சொல்கிறது. ஆஸ்டியோபிளாஸ்ட் எனப்படும் செல்கள் எலும்பைக் கட்டுகின்றன. அவற்றுள் சில, தாம் கட்டிய எலும்புக்குள்ளேயே புதைந்து ஆஸ்டியோசைட்டுகளாகின்றன. எலும்புச் செல்களில் மிகப் பெரும்பான்மை இவையே. ஸ்கிளெரோஸ்டினை முக்கியமாகச் சுரப்பவையும் இவையே. புதிதாகப் புதைந்த செல் உடனே சுரப்பதில்லை. தன்னைச் சுற்றி உப்புப் படிந்து எலும்பு இறுகிய பின்னரே தொடங்குகிறது. சுரந்த புரதம் நுண்கால்வாய்களின் வழியே மேற்பரப்பை அடைந்து, அங்குள்ள ஆஸ்டியோபிளாஸ்டுகளின் எல்ஆர்பி5, எல்ஆர்பி6 ஏற்பிகளைப் பற்றி, எலும்பு கட்டத் தூண்டும் விண்ட் என்ற சமிக்ஞையை அடக்குகிறது. தொடக்கத்தில் இது பிஎம்பி என்ற வளர்ச்சிக் காரணியைத் தடுப்பதாகக் கருதப்பட்டது. 2005இல்தான் விண்ட் வழி தெளிவானது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில் கொறிவிலங்குகளின் முன்கை எலும்புக்குச் சுமை கொடுத்து, அதன் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். வளைவினால் விசை மிகுந்த பகுதிகளில் ஸ்கிளெரோஸ்டின் சாயம் ஏறிய செல்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. விசை குறைந்த பகுதிகளில் குறைவு அவ்வளவு இல்லை. ஒரே எலும்பு, ஒரே வெட்டுமுகம், சில செல்கள் தள்ளி வேறு தீர்ப்பு! பின்கால்களைத் தரையில் ஊன்றவிடாமல் தூக்கி வைத்த விலங்குகளில் அம்மரபணுவின் செயல்பாடு கூடியது. சுமை வந்தாலும் குறையாதபடி ஸ்கிளெரோஸ்டின் சுரக்குமாறு மாற்றப்பட்ட எலிகளிலோ, சுமைக்கு எலும்பு வளரும் வழக்கமே அடங்கிவிட்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஸ்கிளெரோஸ்டினே இல்லாத எலிகளிலும் சுமைக்கு எலும்பு ஓரளவு பதிலளிக்கிறது. அப்படியானால் இடம் சொல்லும் வேலை இப்புரதத்துடையது என எப்படிச் சொல்வது? இப்புரதம் ஒன்றே வழி என்று நான் சொல்லவில்லை. சுமையை உணர ஆஸ்டியோசைட்டுக்கு வேறு வழிகளும் உண்டு. ஆனால் பிறப்பிலிருந்தே ஒரு வழி அடைபட்ட உடல் மற்ற வழிகளைப் பழக்கிக்கொள்ளும் என்பதால், அந்த எலிகள் இயல்பான உடலில் நடப்பதைக் காட்டும் சரியான சாட்சி ஆகா. புரதம் இருந்தும் அது இடத்துக்கிடம் மாற முடியாமல் போன எலிகளே நேரான சாட்சி. அடுத்த மறுப்பு மனிதரிடமிருந்து வருகிறது: ஒரு மரபணுப் பிரதியில் மட்டும் பழுதுள்ளவர்களுக்கு எலும்பு அடர்த்தி கூடுதலாக இருக்கிறது, ஆனால் நோயில்லை, எனவே இது வெறும் அளவுக் கணக்கு என்பார்கள். என் பார்வையில் இது வாதத்துக்கு வலுவூட்டுகிறது. மொத்தம் குறைந்தாலும், சுமைக்கேற்ப ஏறி இறங்கும் திறன் அவர்களிடம் எஞ்சியிருக்கிறது. அது எஞ்சியிருக்கும்வரை எலும்பு நிலைதடுமாறுவதில்லை.

இனி மருந்து. ஸ்கிளெரோஸ்டினைப் பிடித்துக் கட்டும் ரோமோசோசுமாப் என்ற எதிர்ப்புரதத்தை 7,180 பெண்களிடம் சோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. ஓராண்டில் புதிய முதுகெலும்பு முறிவு, வெற்று ஊசி பெற்றவர்களில் 1.8 சதவீதமாகவும் மருந்து பெற்றவர்களில் 0.5 சதவீதமாகவும் இருந்தது. இது பெரிய வெற்றி. இதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. இடக்குறிப்பையே அழிக்கும் மருந்து என்றால் எலும்பு கண்டபடி வளர்ந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். புதிய எலும்பு வெற்றிடத்தில் எழுவதில்லை, இருக்கும் எலும்பின் பரப்பில்தான் படிகிறது. அந்தப் பரப்பு பல ஆண்டுச் சுமைகளால் வடிவம் பெற்றது. பழைய ஒழுங்கின்மேல் மருந்து கனம் சேர்க்கிறது; புதிய ஒழுங்கைப் படைப்பதில்லை. கட்டுமானத்தின் அளவுகோலான இரத்தக் குறியீடு முதல் இரண்டு வாரத்தில் உச்சம் தொட்டு, ஒன்பதாம் மாதத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கியதும் இதோடு பொருந்துகிறது. விண்ட் வழியின் பிற தடுப்பான்கள் கூடுவதை விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன: ஒரு குரல் அடக்கப்பட்டால் எலும்பு மற்றக் குரல்களை உயர்த்துகிறது. மாதம் ஒருமுறை, 12 மாதம் மட்டும் என்ற வரம்பும், நிறுத்தியபின் எலும்பு அரிப்பைத் தடுக்கும் வேறு மருந்தைத் தொடர வேண்டிய கட்டாயமும் இந்தப் பின்னணியில்தான் பொருள் பெறுகின்றன.

இதயத்தைப் பற்றிய எச்சரிக்கையையும் இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும். 2017இல் வந்த, அலெண்ட்ரோனேட் என்ற எலும்புப்புரை மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வில், முதல் ஆண்டில் கடுமையான இதய, இரத்தக்குழாய்ச் சிக்கல்கள் ரோமோசோசுமாப் பெற்றோரில் 2.5 சதவீதம், மற்றவரில் 1.9 சதவீதம். வெற்று ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வில் இவ்வேறுபாடு இல்லை. அதனால் விவாதம் முடியவில்லை. 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது மருந்தின் உறையில் கடும் எச்சரிக்கை இடம்பெற்றது. இரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியும் இடங்களிலும் ஸ்கிளெரோஸ்டின் காணப்படுகிறது. இரத்தத்தில் கலந்த எதிர்ப்புரதத்துக்கு எலும்பு எது, தமனி எது என்ற பாகுபாடு கிடையாது. இரத்தத்தில் ஸ்கிளெரோஸ்டின் அளவைச் சோதித்து எலும்பின் நிலையைக் கணிக்க முயல்வதும் இதே காரணத்தால்தான் ஏமாற்றம் தருகிறது: எலும்பு அடர்த்தி கூடியவர்களிடம் அந்த அளவு குறைவாக இருக்குமென எதிர்பார்த்தவர்கள், பல ஆய்வுகளில் அது கூடுதலாக இருக்கக் கண்டார்கள். எலும்பு மிகுந்தவரிடம் அதைச் சுரக்கும் செல்களும் மிகுதி என்பதே இதற்கு நேரான விளக்கம்.