மாற்றிய இடுப்பு மூட்டு மறுபடியும் வலித்தால்

பால்மரம் சீவியும் செம்பனைக் குலை தூக்கியும் பிழைத்த குடும்பங்கள் கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, சபாக் பெர்ணம் வட்டாரத்தில் நிறைய உண்டு. நாற்பது வயதில் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டவர் ஐந்தே ஆண்டில் மறுபடியும் நொண்டினால், "அவருக்கு ராசியில்லை" என்று நாம் சொல்லிவிடுகிறோம். அன்பர்களே, ராசியைக் குறை சொல்லுமுன் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுவோம்.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் டாக்டர் ஜான் சார்ன்லி, 1958 முதல் சுமார் 300 பேருக்கு டெஃப்ளான் கிண்ணம் பொருத்தினார். நோயாளிகள் வலியின்றி நடந்தார்கள். சில ஆண்டுகளில் கிண்ணம் தேய்ந்தது. தேய்ந்த துகள் எலும்பை அரித்தது. சார்ன்லி அந்தத் துகளைத் தம் தொடையிலேயே ஊசியால் ஏற்றிச் சோதித்தார். இப்படியும் ஒரு மருத்துவர்! பழுதான மூட்டுகளை அவரே திறந்து மாற்றினார். 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கு மாறினார்.

இளையவர்கள் ஓடியாடுவதால் அதுவும் வேகமாகத் தேய்ந்தது. உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுகள் மீண்டும் வந்தது அதனால்தான். டிபியூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் மூட்டு உலகெங்கும் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தப்பட்டு, 2010 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. ஐந்தாண்டுக்குள் நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டதாகப் பிரிட்டன் பதிவேடு காட்டியது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகள் நடந்தன; அவர்களில் பெரும்பாலோரைத் தேடிப் பிடிக்கவே முடியவில்லை. 2018-இல் அங்கு அரசு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு வகுத்தது.

மறு அறுவை என்றதும் எல்லாவற்றையும் பிடுங்குவார்கள் என்று பயப்பட வேண்டாம். உள்ளுறை மட்டும் தேய்ந்திருந்தால் அதையும் உருண்டையையும் மாற்றினால் போதும். கிண்ணம் ஆடினால் திருகு போட்ட புதுக் கிண்ணம். அரித்த பள்ளத்துக்கு எலும்புத் துண்டு. தொடைத் தண்டு ஆடினால் நீளமான தண்டு. கிருமி தொற்றியிருந்தால் பெரும்பாலும் இரண்டு கட்டம்: மூட்டை எடுத்து, மருந்து கலந்த சிமெண்டை வைத்து, தொற்று அடங்கிய பின் புது மூட்டு. ஒவ்வொரு அறுவையும் கொஞ்சம் எலும்பைத் தின்னும். இளையவருக்கு அதுவே கவலை. ஆகவே வலியைப் பொறுத்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது.

நம் நாட்டில் மருத்துவச் சாதனச் சட்டம் 2012-இல்தான் வந்தது. மூட்டின் பெயர், மாடல், தொகுதி எண் கொண்ட ஒட்டுச்சீட்டை மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள். லயத்தைக் காலி செய்து வீடு மாறும்போது முதலில் தொலைவது இத்தகைய தாள்தான். என்ன தண்டு என்று தெரிந்தால், உறுதியாக இருக்கும் தண்டை விட்டுவிட்டுப் பொருத்தமான உருண்டையை மட்டும் மாற்ற வழியுண்டு. தெரியாவிட்டால் நல்ல தண்டையும் பெயர்க்க நேரலாம்.