முரசு ஆசிரியரின் இரண்டாம் பாதை

எங்கள் தாத்தா மலாயாவில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். எழுத்தறியாதவர். தொழிலாளர் லயத்து வாசலில் யாராவது உரக்கப் படிக்க, ‘தமிழ் முரசு’ முழுவதையும் கேட்டுவிடுவார்.

முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி திருவாரூர்க்காரர், 1924இல் சிங்கப்பூர் வந்தார். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்த காலத்தில், ‘முன்னேற்றம்’ இதழில் சுயமரியாதைக் கொள்கைக்காகப் பேனா பிடித்தார். 1935இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கிய முரசு விரைவில் அவர் கைக்கே வந்தது. சாதி, மூடநம்பிக்கை, கள் எல்லாவற்றையும் விடாமல் சாடினார்.

அதே மனிதர் 1952இல் பொங்கலையொட்டித் தமிழர் திருநாளைத் தொடங்கினார். எச்சமயத்தாரும் எச்சாதியாரும் தமிழரென்று கூடும் விழா அது. பழைய தோழர்கள் சிலருக்கு இது சுயமரியாதைக் கொள்கையிலிருந்து பின்வாங்கலாகப் பட்டிருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ‘மாரியம்மனை விட்டுவிட்டு வா’ என்றால் தோட்டத்து ஜனம் வராது. தமிழைச் சொல்லி அழைத்தால் வரும். அதை அவர் கண்டுகொண்டார். சாதியெதிர்ப்பை அவர் கைவிடவும் இல்லை.

சொந்த ஊர் நினைப்பிலேயே இருந்தவர்களை, வாழும் நாட்டின் குடியுரிமையை எடுக்கச் சொன்னதும் முரசுதான். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்க் கல்விக்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது, பால்மரத் தொழிலாளர்களும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள்.