பெயர்த்து நடப்பட்ட கிராமம்

ஆங்கில நாட்டுப்புறக் கிராமம் என்றதும் நம்முட் பலரின் மனக்கண்ணில் விரிவது பாடநூற் சித்திரமே. ஓடையோரத்து மாவாலை, கூர்ங்கோபுரத் தேவாலயம், கணப்படுப்பின் புகை. யாழ்ப்பாணத்துப் பனைகளின் நடுவே இருந்து அதனைக் கற்றோம். பின்னர் கற்பித்தும் வந்தோம். ஒலிவர் கோல்ட்ஸ்மித் 1770இல் வெளியிட்ட ‘கைவிடப்பட்ட கிராமம்’ என்னும் கவிதை, குடிகள் நீங்கி வெறுமையுற்ற ஓர் ஊரைப் பற்றியது என்பதை அன்று நாம் ஊன்றி நோக்கினோமல்லோம்.

அச்சித்திரத்தை ஒத்த கிராமமொன்று ரொறன்ரோவில், ஜேன் வீதியும் ஸ்டீல்ஸ் வீதியும் சந்திக்கும் இடத்தருகே உள்ளது. 1960ஆம் ஆண்டு பிளாக் கிறீக் பயனியர் கிராமம் என்ற பெயரில் திறக்கப்பட்ட அதனைப் பாடசாலைச் சுற்றுலாவில் நம் பிள்ளைகள் பலர் கண்டிருப்பர். பார்ப்போர் அது பன்னெடுங்காலமாக அங்கேயே இருந்த ஊர் என எண்ணுவர். உண்மை வேறு. டானியல் ஸ்ரோங் 1816இல் அமைத்த மரக்குற்றி வீடும், 1832இல் எழுப்பிய பெரிய வீடும், அவரது பண்ணைக் கட்டடங்களும் மட்டுமே அம்மண்ணுக்குரியவை. அவரும் ஆங்கிலேயர் அல்லர். பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஜெர்மானிய வழியினர். அவருக்கும் முன்னர் அந்நிலம் பழங்குடி மக்களுடையது. 1787இலும் 1805இலும் நிகழ்ந்த ரொறன்ரோ நில உடன்படிக்கை குறித்து, மிசிசாகா மக்களுக்கு 2010இலேயே 14 கோடியே 50 இலட்சம் டொலர் இழப்பீடு வழங்க இணக்கம் காணப்பட்டது.

ஏனைய கட்டடங்களிற் பல வேற்றூர்களிலிருந்து வந்தவை. நெடுஞ்சாலைகளும் புறநகர்களும் வயல்களை விழுங்கிய காலத்தில், இடிபட இருந்தவை கழற்றப்பட்டும் பெயர்க்கப்பட்டும் இங்கு சேர்ந்தன. 1842இல் எழுந்த றொப்ளின் கல் மாவாலை பிரின்ஸ் எட்வேட் கவுண்டியிலிருந்து வந்தது. 1861இல் கட்டப்பட்ட ஓரறைப் பள்ளி, இன்று நம்மவர் செறிந்து வாழும் மார்க்கம் பகுதியினது. (அதன் வாங்குகளைக் கண்டபோது ஆசிரியர் புத்தி நம்மை விட்டகலவில்லை, மாணவரை எண்ணத் தொடங்கிவிட்டோம்.)

நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது ‘பாதிவழி விடுதி’. 1840களின் இறுதியிற் கட்டப்பட்ட இது, ஸ்காபரோவில் கிங்ஸ்ரன் வீதியும் மிட்லாண்ட் வீதியும் சந்திக்கும் மூலையில் நின்றது. நம்மவர் நாளாந்தம் பேருந்துக்குக் காத்திருக்கும் அதே மூலை! குதிரை வண்டிப் பயணிகள் அங்கே உண்டு உறங்கி வழி தொடர்ந்தனர். பருத்தித்துறையின் தெருமூடிமடம் நினைவிற்கு வந்தது. வீதியின் இருமருங்கும் திண்ணை, கற்றூண்கள், மேலே கூரை; வழிப்போக்கரிடம் காசு கேளாத நிழல். நம்மைக் கேட்டால், விடுதியிலும் மடமே மேல் என்போம்.

முதியோர் சிலருடன் அங்கு சென்றிருந்தோம். மயிலிட்டியைச் சேர்ந்த ஐயா ஒருவர் விடுதியின் முன்றிலில் அமர்ந்துவிட்டார். 1990இல் ஊரை விட்டோடியவர். அத்துறைமுகப் பகுதி 2017இல் விடுவிக்கப்பட்டபின் சென்று பார்த்தாராம். வீடும் இல்லை, வேலியும் இல்லை, தம் ஒழுங்கை எதுவெனவே புலப்படவில்லையாம். “இவங்கள் கல்லுக்கும் இலக்கம் போட்டெல்லோ கொண்டு வந்திருக்கிறாங்கள்” என்றார். பின்னர் கடற்கரையிலிருந்து தம் ஒழுங்கையின் வீடுகளை விரல்விட்டு எண்ணலானார்: இன்னாரின் வீடு, அடுத்து கிணற்றடி, அடுத்து வேப்பமரம் நின்ற வளவு. பேரன் கொப்பியொன்றில் எழுதிக்கொண்டே வந்தான். பதினோராவது வீட்டில் ஐயா நின்றுவிட்டார், பெயர் வரவில்லை. பேரன் அவ்விடத்தை வெறுமையாக விட்டு, “அடுத்தது யார், அப்பப்பா?” என்றான்.