கிறிஸ்தவர்கள் டாட்டூ போடலாமா? பைபிள் சொல்வது என்ன?

மாதேஸ்வரன் மலை அருகே உள்ள மார்ட்டள்ளியில் தமிழ் பேசும் கத்தோலிக்கர்கள் வாழ்கிறார்கள். அங்கே மட்டுமல்ல, பல கிறிஸ்தவ வீடுகளில் பிள்ளைகள் கையில் சிலுவை டாட்டூ போட்டாலே, "இது பாவம்டா" என்று சண்டை வரும். உண்மையில் தடை இருக்கிறதா?

தடை எங்கே வருகிறது?

லேவியராகமம் 19:28-ல். இறந்தவருக்காக உடலைக் கீறக்கூடாது, உடலில் எழுத்து குத்தக்கூடாது என்கிறது. முந்தைய வசனமோ தாடி ஓரத்தை மழிக்கவும் தடை போடுகிறது. அதை இன்று எத்தனை கிறிஸ்தவர்கள் கடைப்பிடிக்கிறார்கள்?

அப்போ, போடலாமா?

யூதரல்லாத விசுவாசிகள் மோசேயின் சட்டம் முழுவதையும் சுமக்கத் தேவையில்லை என அப்போஸ்தலர் 15 சொல்கிறது. எதிர்ப்பவர்கள் காட்டுவது 1 கொரிந்தியர் 6:19. உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்பது அவர்கள் வாதம்.

சபைகளின் நிலை?

எல்லா சபைகளும் ஒரே மாதிரி இல்லை. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் மணிக்கட்டில் சிலுவை குத்துவது பழைய மரபு. 2018 மார்ச்சில் போப் பிரான்சிஸ், நெற்றியில் சிலுவை குத்தும் எரித்ரிய கிறிஸ்தவர்களைச் சுட்டிக்காட்டி, டாட்டூவைக் கண்டு பயப்பட வேண்டாம் என்றார். அளவு மீறுவதுதான் பிரச்சினை என்றும் சொன்னார்.

போடும் முன்...

டாட்டூ போட்டால் 12 மாதங்கள் ரத்த தானம் செய்ய முடியாது. ராணுவ வேலைக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. புது ஊசிதானா என்று கேளுங்க. பிறகு, ஏன் போடுகிறோம் என்று உங்களையே கேளுங்க. வீட்டில் கேட்கப்போகும் முதல் கேள்வியும் அதுதான்.