பீகிங் பிழையா?

சீனத் தலைநகரை ஆங்கிலம் நெடுங்காலம் பீகிங் என்றது. இப்போது பெய்ஜிங் என்கிறது. வெள்ளைக்காரர் வாயில் சிதைந்த பெயரைச் சீனா மீட்டுக்கொண்டது என்பதே பலரும் சொல்லும் விளக்கம். சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. 1403இல் மிங் பேரரசர் யோங்லே, பெய்பிங் என்றிருந்த ஊருக்கு 'வடக்குத் தலைநகர்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அப்பெயரின் இரண்டாம் பகுதி அக்காலத்தில் ககர ஒலியில்தான் தொடங்கியது. அதிகாரிகளின் பேச்சுமொழியைக் கற்ற ஜெசுயிட் பாதிரிமார் தாம் கேட்டதையே எழுதினர். மார்ட்டினோ மார்ட்டினி 1655இல் வெளியிட்ட சீன நிலப்பட நூலிலேயே பீகிங் வந்துவிட்டது. பிற்பாடுதான் வட சீனப் பேச்சில் இகரத்துக்கு முன் நின்ற ககரம் திரிந்தது. கன்னடத்தின் 'கிவி' தமிழில் 'செவி'யாக நிற்பதும் இவ்வகைத் திரிபே. திரியாத ககரத்தைக் கான்டன் பேச்சில் இன்றும் கேட்கலாம்.

ஊரார் உச்சரிப்பு மாறிய பிறகும் பழைய எழுத்தைப் பிடித்துக்கொண்டது அந்நியரின் அலட்சியம்தானே என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. தலைநகரின் பேச்சை அடிப்படையாகக் கொண்டு தாமஸ் வேட் 1867இல் வெளியிட்ட பாடநூலின் எழுத்துமுறையில் அந்த ஒலி சகரமாகவே இருக்கிறது. ஆனாலும் 1906இல் சீன அஞ்சல் துறைக்கான எழுத்துமுறை வகுக்கப்பட்டபோது பீகிங் நிலைத்தது. இதைப் பழக்கத்தின் பிடிவாதம் எனலாம். பெயரைச் சிதைத்த குற்றம் எனலாகாது.

பெயரே மாறியது வேறொரு சமயத்தில். 1928இல் தேசியவாத அரசு நான்ஜிங்கைத் தலைநகராக்கியதும், வடக்கு நகரம் தலைநகர் என்ற சொல்லை இழந்து மீண்டும் பெய்பிங் ஆனது. 1949இல் கம்யூனிஸ்டுகள் பழைய பெயரைத் திருப்பித் தந்தனர். தைவானுக்குப் போன அரசோ பெய்பிங்கை விடவில்லை. இதனோடு ஒப்பிட்டால் பெய்ஜிங் என்பது புதுப்பெயரே அல்ல. சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் குறிக்க 1958இல் ஏற்கப்பட்ட பின்யின் எழுத்துமுறையைச் சீனா 1979 முதல் தன் அயல்மொழி வெளியீடுகளிலும் கையாண்டது. உலகம் மெல்லப் பின்தொடர்ந்தது. சீன எழுத்தில் ஒரு கோடும் மாறவில்லை.

அப்படியானால் ஆங்கிலம் பீகிங்கையே வைத்திருக்கலாமே என்பது அடுத்த வாதம். பழமை ஒரு வடிவத்தைப் பிழையிலிருந்து காக்குமே தவிர, அதற்கு நிரந்தர உரிமை தந்துவிடாது. தன் பொதுமொழியின் ஒலிக்கேற்ப ஊர்ப்பெயரை எழுதச் சொல்வது ஒரு நாட்டின் உரிமை. அதே நாட்டின் முதன்மைப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் இன்றும் தன்னைப் பீகிங் பல்கலைக்கழகம் என்றே சொல்லிக்கொள்கிறது. பழைய வடிவத்தை இழிவென்று சீனரே கருதவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.