செராய்ப் புல்லின் மணமும் அதன் வரலாறும்



சிகாமட் வட்டாரத்தில் நான் அறிந்த தோட்டப்புற வீடுகள் பலவற்றின் கொல்லையில் ஒரு செராய்ப் புதர் இருக்கும். தண்டைத் தட்டிக் கறியில் இடும் நாம், அதன் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சிங்கப்பூரின் கெய்லாங் பகுதியில் இப்புல் பெரிய அளவில் பயிரிடப்பட்டது. அல்சகோப் என்னும் அரபு வணிகக் குடும்பத்தினரின் 'பெர்சிவரன்ஸ்' தோட்டம் அங்கு புகழ்பெற்றிருந்தது. பின்னர் அத்தொழில் நலிந்தது. தென்னையும் ரப்பரும் அதன் இடத்தைப் பிடித்தன. 'கெய்லாங் செராய்' என்னும் ஊர்ப்பெயர் மட்டும் எஞ்சியது.

அதே புல்லின் உறவான இஞ்சிப்புல், கேரளக் குன்றுச் சரிவுகளில் வளர்ந்தது. அதன் எண்ணெய் கொச்சித் துறைமுகத்தின் வழியே சென்றமையால், 'கொச்சி எண்ணெய்' என்றே உலகச் சந்தையில் பெயர் பெற்றது. 1893இல் செருமானிய வேதியியலறிஞர் தீமன், அதிலுள்ள 'சிட்ரால்' என்னும் பொருளிலிருந்து ஊதாப்பூ மணம் தரும் 'அயனோனை' உருவாக்கும் வழியை வெளியிட்டார். 1951இல் கேரளத்தின் ஓடக்காலியில் இப்புல்லுக்கெனவே ஓர் ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. 'சுகந்தி' என்னும் புல்வகை அங்கே உருவானதுதான்.

ஒரு புல்லுக்கு ஆய்வு நிலையம் எதற்கு? 1000 கிலோ பச்சைப் புல்லைக் காய்ச்சி வடித்தால் ஏறத்தாழ 2 முதல் 5 கிலோ எண்ணெயே கிடைக்கும். இலையினுள் இருக்கும் தனி உயிரணுக்களில் அந்த எண்ணெய் சேர்கிறது. நல்ல வெயிலில் அது மிகும், நிழலில் குறையும். அடைமழையில் புல் தழைத்தாலும் எடைக்கேற்ற எண்ணெய் இராது. இளந்தாளில் விகிதம் கூடும். முற்றிய தாளில் குறையும். எனவே நட்ட இடமும் அறுத்த நாளும் உழவரின் வருவாயை நிர்ணயித்தன.

இவ்வுண்மையை நான் நூலில் படிக்கும் முன்பே மாணவர்கள் எனக்குக் கற்பித்தனர். பள்ளித் தோட்டத்தில் மாமர நிழலில் செராய் நட்டோம். தாள்கள் நீண்டு பச்சையாக வளர்ந்தன. கசக்கி முகர்ந்தால் மணம் சொற்பமே. "மட்டமான கன்று" என்று நான் தீர்ப்புக் கூறினேன். ஒரு மாணவி பாதித் தூர்களைப் பிரித்து வெயிலில் நடலாமா என்று கேட்டாள். நட்டோம். மூன்று மாதங்களில் அதே தூரின் புல், கை பட்டதும் மணந்தது.

குறை கன்றில் இல்லை. நாம் நட்ட இடத்தில் இருந்தது. அன்று முதல், ஒரு மாணவனை 'மந்தம்' எனக் குறிக்கப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் அந்த மாமர நிழல் என் நினைவுக்கு வருகிறது.

பெற்றோர்களே, இவ்வார விடுமுறையில் உங்கள் பிள்ளைகளுடன் வெயிலில் ஒரு தூரும் நிழலில் ஒரு தூரும் நட்டுப் பாருங்கள். தாத்தா பாட்டியிடம் அப்புல்லைப் பற்றிக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அதுவும் வரலாற்றுப் பாடமே.